டைம்லைனின் கொல்லைப்புறம்

வகுப்பில் அவளுக்குக் கத்திரி என்று பெயர். தொகுப்பு மேசையில் உட்கார்ந்தால் ஈவிரக்கம் பார்க்காமல் வெட்டித் தள்ளுவாள் என்பதால் வந்த பெயர். யாராவது நான்கு நாள் அலைந்து திரிந்து எடுத்த காட்சியைக் கொண்டுவந்து கொடுத்தால், அரை நிமிடம் பார்த்துவிட்டு, "இது எதுக்கு?" என்று கேட்பாள். அதோடு அந்தக் காட்சியின் கதை முடிந்தது. பட்டப்பெயரைக் கேட்டால் முகத்தைச் சுளித்துக்கொள்வாளே தவிர, உள்ளுக்குள் அவளுக்கு அதில் கொள்ளைப் பெருமை.

அந்தப் பருவத்துக்கான குழு வேலை ஒரு பாட்டு வீடியோ. மூன்று பேர் ஒரு குழு, மூன்று நிமிடப் பாட்டு, மூவருக்கும் ஒரே மதிப்பெண். கத்திரியோடு சேர்ந்தவர்களில் ஒருவன் முக்காலி என்கிற கேமராக்காரன். கேமரா ஸ்டாண்டைவிட உயரம். அதைப் போலவே வாயைத் திறக்காமல் நிற்பான். இன்னொருத்தி தவளை. கல்லூரியில் சேர்ந்த முதல் நாள் தொண்டை கட்டியிருந்தது. தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ள எழுந்து வாய் திறந்தபோது வந்த சத்தத்தில் விழுந்த பெயர். ஆனால் அவள் பாட ஆரம்பித்தால் கேட்கிறவர்களுக்கு அந்தப் பெயர் மறந்துபோகும். இந்தப் பாட்டை எழுதியதும் பாடியதும் அவள்தான்.

காத்திருப்பதைப் பற்றிய பாட்டு. சலவை இயந்திரத்தின் வட்டக் கண்ணாடிக்கு முன்னால் ஒரு பெண் உட்கார்ந்து, உள்ளே சுற்றும் துணிகளைப் பார்த்தபடி பாடுகிறாள். அதற்கு ஒரு சலவைக் கடை வேண்டும். தவளையின் அம்மாவே சலவைக் கடைதான் வைத்திருந்தார்.

"ஞாயித்துக்கிழமை கடைய நமக்கு விட்டுத் தர்றேன்னு சொல்லிட்டாங்க. ஒரே ஒரு கண்டிஷன்," என்றாள் தவளை.

"என்ன?"

"அவங்களும் ஒரு ஓரத்துல வரணுமாம்."

கத்திரி சிரித்துவிட்டாள். "ஓரம்தானே? தாராளமா வரட்டும்."

ஞாயிற்றுக்கிழமை போனபோது கடை கழுவித் துடைத்து வைத்ததுபோல் இருந்தது. ஆறு இயந்திரங்கள் ஒரு சுவர் ஓரமாக, எதிரே நீளமான தேய்ப்பு மேசை, மேலே கம்பியில் தொங்கும் சட்டைகள். தவளையின் அம்மா பருத்த உடம்புக்காரர். ஆனால் கடைக்குள் காற்று மாதிரி நடமாடினார். படப்பிடிப்புக்காகத் தலைமுடியை அழுத்தி வாரி, காதுக்கு மேல் இரண்டு கிளிப் குத்தியிருந்தார். தேநீர் போட்டுக் கொடுத்தார். கேமராவின் கண்ணாடியைத் துடைக்கத் தேய்த்து மடித்த வெள்ளைத் துணி ஒன்றை முக்காலியிடம் நீட்டினார். மதியம் வரைக்கும் ஒரு மூலையில் மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு மெல்ல வந்து கேட்டார்.

"இப்ப நான் நடக்கட்டுமா? கேமராவப் பாக்கலாமா, கூடாதா?"

"பாக்காதீங்க ஆன்ட்டி. துணிக் கூடைய எடுத்துக்கிட்டு வாசல்லருந்து மேசைக்கு வாங்க. உங்க வேலையச் செய்யிற மாதிரி சும்மா செய்யுங்க," என்றாள் கத்திரி.

"இருவது வருஷமாச் செய்யிறேன். செய்யிற மாதிரி செய்யத்தான் வராது போலிருக்கு," என்று சொல்லிவிட்டுத் தவளையின் அம்மா கூடையைத் தூக்கினார்.

மூன்று தடவை நடந்தார். தாடையைத் தூக்கிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, மகளின் பாட்டைத் தனக்குள் முனகிக்கொண்டு. கூச்சத்தில் நடை கோணிப்போயிற்று. இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. தவளை வெளியே வாசல் விளக்கைச் சரிசெய்யப் போயிருந்தாள். கேமராவுக்குப் பின்னால் நின்ற கத்திரி முக்காலியின் காதருகே குனிந்தாள்.

"அழகிப் போட்டி ஆரம்பம்டா. பரிசு ஒரு பாக்கெட் சோப்புத்தூள்."

முக்காலியின் தோள் குலுங்கியது. அதைப் பார்த்ததும் அவளுக்கு இன்னும் உற்சாகம் வந்துவிட்டது.

"பாரு, பாரு. ஒரு மூட்டை இன்னொரு மூட்டையத் தூக்கிட்டு வருது."

இயந்திரங்களின் இரைச்சலில் அது தவளையின் அம்மா காதில் விழவில்லை. ஆனால் கேமராவின் தலையில் பொருத்தியிருந்த மைக்குக்கு எதிரே நடக்கிறவரைவிடப் பின்னால் நிற்கிறவர்தான் பக்கம். அது இரண்டு பேரின் சத்தத்தையும் ஒரே இழையாகப் பதிந்துகொண்டது.

கிளம்பும்போது தவளையின் அம்மா கத்திரியின் கையைத் தொட்டு, "வருவேனாம்மா?" என்று கேட்டார்.

"கண்டிப்பா வருவீங்க ஆன்ட்டி."

சொல்வதற்கு ஒரு விநாடிகூட ஆகவில்லை. அந்த மாதிரி வார்த்தைகள் வாயிலிருந்து சுலபமாகத்தான் வருகின்றன.

அடுத்த வாரம் கல்லூரியின் கணினி அறையில் தொகுப்பு வேலை நடந்தது. டைம்லைன் என்பது திரையில் இடமிருந்து வலமாக ஓடும் நீளமான பட்டை. காட்சித் துண்டுகளை அதில்தான் வரிசையாக ஒட்டிக்கொண்டு போக வேண்டும். கத்திரிக்கு ஒரு வழக்கம் உண்டு. வேண்டாம் என்று வெட்டியதை உடனே அழிக்க மாட்டாள். பாட்டு முடிந்து, வெறும் இருட்டாக ஒன்றரை நிமிட இடம் விட்டு, அதற்கும் அப்பால் கொண்டுபோய்ப் போட்டுவைப்பாள். அதற்குக் கொல்லைப்புறம் என்று பெயர். வீடியோவை முழுசாக வெளியே எடுக்கும்போது, பாட்டு முடிகிற இடத்தில் ஒரு முடிவுக் குறி வைத்துவிட்டால் போதும். கொல்லைப்புறம் வெளியே வராது. "எக்ஸ்போர்ட் போடுறதுக்கு முன்னாடி கொல்லையப் பெருக்கிடு," என்று ஆசிரியர் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். அவள் சிரித்துக்கொண்டே தலையாட்டுவாள்.

தவளையின் அம்மா நடந்த மூன்று நடையும் கொல்லைப்புறத்துக்குப் போயின. அது போதவில்லை கத்திரிக்கு. ஒருநாள் வேலை சலித்தபோது அவற்றை எடுத்து வேகத்தைக் கூட்டினாள், முன்னும் பின்னும் ஓட்டினாள், தன் கிசுகிசுப்பின் சத்தத்தை உயர்த்தினாள். முக்காலியைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவன் சிரித்தான், பிறகு, "தவளை பாத்துடப் போறா, அழிச்சிடு," என்றான்.

"அழிக்கிறேன், அழிக்கிறேன்."

கொடுக்க வேண்டிய நாளன்று, இன்னும் பத்து நிமிடம் இருக்கையில், தவளை ஓடிவந்தாள். "கடைசியில ஒரு வரி சேக்கணும்டி. 'அம்மாவுக்கு நன்றி'ன்னு. அம்மாவுக்குச் சொல்லாம வெச்சிருக்கேன்."

வரியைச் சேர்ப்பதற்குப் பாட்டின் முடிவைக் கொஞ்சம் நீட்ட வேண்டியிருந்தது. கத்திரி முடிவுக் குறியை எடுத்தாள், நன்றி வரியை ஒட்டினாள், எக்ஸ்போர்ட் பொத்தானை அழுத்தினாள். குறியைத் திரும்ப வைக்கவில்லை.

சனிக்கிழமை காலை கல்லூரி அரங்கில் எல்லாக் குழுக்களின் வீடியோவும் திரையிடப்பட்டது. வீட்டார் வந்திருந்தார்கள். மூன்றாவது வரிசையில் தவளையின் அம்மா. முடியைப் புதிதாக வெட்டியிருந்தார். மடிப்புக் கலையாத உடை. பக்கத்து இருக்கைக்காரரிடம், "நானும் ஒரு இடத்துல வர்றேன், கண்ணை மூடினா போயிடும்," என்று சொல்லிக்கொண்டிருந்தது கத்திரிக்குக் கேட்டது. அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

பாட்டு ஓடியது. நன்றாகவே இருந்தது. வட்டக் கண்ணாடியில் தவளையின் முகமும் சுற்றும் துணிகளும் ஒன்றோடொன்று கலந்தன. தவளையின் அம்மா இருக்கையின் நுனிக்கு வந்து, ஒவ்வொரு காட்சி மாறும்போதும் கழுத்தை நீட்டினார். பாட்டு முடிந்தது. 'அம்மாவுக்கு நன்றி' என்று எழுத்து வந்தது. அவர் புன்னகைத்தார், ஆனால் திரை இருண்ட பிறகும் கழுத்து நீண்டபடியே இருந்தது.

கைதட்டல் எழுந்தது. ஆசிரியர் மேடையேறினார். "இந்த வருஷம் ரொம்பச் சுத்தமான எடிட்டிங் இது. ஒரு ஃப்ரேம்கூட வீண் இல்ல. கத்திரி, மேல வாம்மா."

அவள் மேடைக்குப் போனாள். திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். ஆசிரியர் அவளுடைய பொறுமையைப் பற்றி நான்கு வார்த்தை நல்லதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது முன்வரிசை முகங்களில் திடீரென்று வெளிச்சம் விழுந்தது. எல்லோரும் அவளுக்குப் பின்னால் எதையோ பார்த்தார்கள். திரும்புவதற்குள் அரங்கின் நான்கு ஒலிபெருக்கிகளிலும் அவள் குரலே கேட்டது.

"அழகிப் போட்டி ஆரம்பம்டா."

திரையில் தவளையின் அம்மா கூடையோடு குடுகுடுவென்று ஓடிவந்தார், பின்னால் போனார், மறுபடியும் ஓடிவந்தார். "ஒரு மூட்டை இன்னொரு மூட்டையத் தூக்கிட்டு வருது." அரங்கில் சிலர் சிரித்தார்கள். சிலர் சிரிக்க ஆரம்பித்து, மூன்றாவது வரிசையைப் பார்த்து, நிறுத்திக்கொண்டார்கள். கத்திரியின் முகத்தில் ஈயாடவில்லை. தரை இரண்டாகப் பிளந்தால் இறங்கிவிடலாம் என்று இருந்தது. முக்காலி தலையைக் கவிழ்த்துக்கொண்டான். தவளை தன் அம்மாவைப் பார்த்தாள்.

அம்மா எழுந்து நின்றார். ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு, பெரிதாகச் சிரித்தார்.

"ஐயோ, இதப் போய்ப் போட்டுட்டீங்களா! நான்தான் சார் சொன்னேன், எனக்குச் சிரிப்பா ஒண்ணு பண்ணிக் குடுங்கன்னு. வீட்டுல பாக்கக் கேட்டது. இந்தப் பிள்ளைங்களும் நம்ம பேச்சக் கேட்டு..."

அரங்கு பெருமூச்சு விட்டதுபோல் சிரித்தது. யாரோ கைதட்டக்கூடச் செய்தார்கள். ஆசிரியர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "அப்படியா! பயந்தே போயிட்டேன். கத்திரி, கொல்லையப் பெருக்குன்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன்? இவங்க கேட்டுத்தான் பண்ணியா?" என்றார்.

கத்திரி தலையை ஆட்டினாள். ஆமாம் என்று ஆட்டினாள்.

பிற்பாடு அந்தக் காலையை நினைக்கும்போதெல்லாம் அவளைக் கூனிக்குறுக வைத்தது அந்தத் தலையாட்டல்தான். கேலி செய்தது விளையாட்டுப் புத்தி என்று மனசுக்குச் சமாதானம் சொல்லலாம். குறியை மறந்தது அவசரம். ஆனால், தன்னால் அடிபட்டவர் தனக்காகப் பொய் சொல்லி நிற்க, அந்தப் பொய்யின் நிழலில் ஒதுங்கிக்கொண்டாளே, அதற்கு என்ன பெயர் சொல்வது?

வாசலில் தவளையைப் பிடித்து நிறுத்தினாள். "தவளை, நான்..."

தவளை கத்தவில்லை. "ரெண்டு வாரமா கடைக்கு வர்ற ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்லிட்டிருந்தாங்கடி, வீடியோவுல வரப்போறேன்னு," என்றாள். அவ்வளவுதான். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்துவிட்டாள்.

திங்கட்கிழமை கல்லூரிக்கு வந்ததும் கத்திரி கணினி அறைக்குப் போனாள். கொல்லைப்புறம் இல்லாத பிரதி ஒன்று வேண்டும் என்று ஆசிரியர் கேட்டிருந்தார். அதை எடுத்துக் கொடுக்க ஐந்து நிமிடம் போதும். கொடுத்துவிட்டும் அவளால் எழுந்திருக்க முடியவில்லை. அம்மாவின் காட்சிகளை வீடியோவில் சேர்த்துவிடலாம் என்ற எண்ணத்தில் படப்பிடிப்பு நாளின் மூலப் பதிவுகள் முழுவதையும் திறந்தாள். அவற்றில் ஒன்று பதினோரு நிமிடம். சாப்பிடப் போனபோது முக்காலி கேமராவை நிறுத்த மறந்துவிட்டான், ஆளில்லாத கடை. அதைத் திறந்துகூடப் பார்க்காமல் 'வீண்' என்று பெயர் போட்டு ஒதுக்கியது அவள்தான்.

அதில் நான்காவது நிமிடத்தில் தவளையின் அம்மா வந்தார். கத்திரி சட்டைக்கு மேல் போடும் ஜாக்கெட் நாற்காலியில் கிடந்தது, அதை எடுத்தார். அதன் வலது கையில் காலையில் ஸ்டாண்டின் கிரீஸ் அப்பியிருந்தது. விரலால் தொட்டுப் பார்த்தார். ஏதோ திரவத்தை ஊற்றி, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்தார், அலசினார், துணி வைத்து ஒற்றி எடுத்தார், கழுத்துப்பட்டையையும் சேர்த்து இஸ்திரி போட்டார். திரும்ப நாற்காலியில் போட்டார். கொஞ்சம் யோசித்து, முன்பு கிடந்த மாதிரியே ஒரு பக்கம் கசக்கிவிட்டுப் போனார்.

கத்திரி தன் வலது கையைப் பார்த்தாள். அதே ஜாக்கெட். சனிக்கிழமை மேடையிலும் அதைத்தான் போட்டிருந்தாள். கறை எப்படிப் போயிற்று என்று ஒரு தடவை நினைத்திருக்கிறாள். தானாகப் போயிருக்கும் என்று விட்டுவிட்டாள். அவளுக்குத் தெரிந்த பிரார்த்தனைகள் எல்லாம் எதையாவது கேட்கும் பிரார்த்தனைகள். அன்று எதுவும் கேட்க வாய் வரவில்லை. "கடவுளே" என்று மட்டும் சொன்னாள்.

மாலை நாலு மணிக்குச் சலவைக் கடைக்குப் போனாள். தவளையின் அம்மா குனிந்து சட்டை தேய்த்துக்கொண்டிருந்தார். அவள் எதுவும் சொல்வதற்கு முன், நிமிராமலே, "வாம்மா," என்றார்.

"ஆன்ட்டி, அந்தக் குரல் என்னுது."

"தெரியும். நாள் பூரா குனிஞ்சே நிக்கிற வேலை. குரலையும் செருப்புச் சத்தத்தையும் வெச்சுத்தான் எனக்கு ஆளுங்களத் தெரியும்."

"பின்ன ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"எம்பொண்ணுக்கும் அதே மார்க்குதானேம்மா?" என்று சிரித்தார் அம்மா. சட்டையைத் திருப்பிப் போட்டார். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. "நீ அங்க நின்ன நிலையப் பாத்தேன். மேடையில அப்படி ஒரு பிள்ள நிக்கக் கூடாது. யாரு பெத்த பிள்ளையா இருந்தாலும்."

"மன்னிச்சிடுங்க. சார்கிட்ட போய் உண்மையச் சொல்லிடுறேன். எல்லார் முன்னாடியும் சொல்றேன்."

"எதுக்கு? என்னப் பொய்க்காரியாக்கவா?" இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, முதல் தடவையாக அவளை நேராகப் பார்த்தார். "வலிக்கலன்னு சொல்ல மாட்டேன். வீட்டுக்குப் போய்க் கொஞ்ச நேரம் கண்ணாடியப் பாத்துட்டு நின்னேன். ஆனா அங்கருந்து எல்லாரும் சிரிச்சிட்டுப் போனாங்க, நான் கேட்டு வாங்கின சிரிப்புன்னு. நீ திரும்பக் கூப்பிட்டு, இல்ல, அது கேலின்னு சொன்னா, உன் பாரம் இறங்கும். என் பாரம்?"

மன்னிப்புக் கேட்பதிலும் தன் வசதியைத்தான் பார்த்திருக்கிறாள் என்பது கத்திரிக்குச் சுரீரென்று பட்டது.

"வீடியோவுல உங்களச் சேத்துடுறேன் ஆன்ட்டி. நல்ல எடத்துல."

"இப்ப வேணாம்மா." அதில் கோபம் இல்லை, ஆனால் மறுபேச்சுக்கும் இடம் இல்லை. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஒண்ணு மட்டும் பண்றியா? அந்த நடைய எனக்குப் போன்ல குடு. நிஜமான வேகத்துல. உன் பேச்சு இல்லாம. நான் நடக்கிறத நான் பாத்ததே இல்ல."

அது பெரிய வேலையாகத் தெரியவில்லை. வேகத்தைச் சரிசெய்ய ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. குரலில்தான் சிக்கல். சத்தத்தை மொத்தமாக எடுத்துவிட்டால் அம்மாவின் முனகலும் போய்விடும். அந்த நடை முழுவதும் மகளின் பாட்டு அவர் வாயில் இருந்தது. ஆகவே தன் பேச்சை அசை அசையாகத் தேடி அழிக்க வேண்டும். அழிப்பதற்குக் கேட்க வேண்டும். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, தான் சொன்னதையே கத்திரி நூறு தடவைக்கு மேல் கேட்டாள். 'அழகி.' 'சோப்புத்தூள்.' 'மூட்டை.' அத்தனை தடவை கேட்டும் காதுக்குப் பழகவில்லை.

மூன்று மத்தியானம் அப்படிப் போயிற்று. மூன்றாம் நாள் பக்கத்து நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. தவளை உட்கார்ந்து, கையை நீட்டினாள். கத்திரி ஹெட்போனைக் கழற்றிக் கொடுத்தாள். தவளை கண்ணை மூடிக்கொண்டு முழுவதும் கேட்டாள்.

"ஒரு எடத்துல 'மூட்டை' இன்னும் கேக்குது," என்றாள்.

"தெரியும். அங்க அம்மா பாடுறதும் அதுவும் ஒண்ணா விழுந்திருக்கு. அத எடுத்தா பாட்டும் போகுது. என்னென்னவோ பண்ணிப் பாத்துட்டேன்."

தவளை இன்னொரு தடவை கேட்டாள். "அம்மா இங்க சுருதி தப்புறாங்க," என்றாள். சிரிக்கவில்லை. ஆனால் எழுந்தும் போகவில்லை.

மறுநாள் மாலை கத்திரி போனைத் தவளையின் அம்மா கையில் கொடுத்தாள். "ஒரு எடத்துல மட்டும் என் குரல் போகல ஆன்ட்டி. பாட்டோட ஒட்டிக்கிச்சு."

அம்மா இரண்டு கையாலும் போனைப் பிடித்துப் பார்த்தார். அந்த இடம் வந்தது. மெல்லியதாக, யாரோ அடுத்த அறையில் சொன்னதுபோல, அந்த ஒரு வார்த்தை. அவர் முகம் ஒரு கணம் வாடியது. கத்திரி அதைப் பார்த்தாள். பிறகு வாசலிலிருந்து மேசை வரை நடக்கும் அந்தப் பெண்ணையே அவர் உற்றுப் பார்த்தார்.

"இருக்கட்டும். பாட்டும் அங்கதானே இருக்கு," என்றார். இன்னொரு தடவை ஓட்டினார். "நடை ஒண்ணும் மோசமில்லையே! தலையில இந்தக் கிளிப்தான் நல்லாவே இல்ல."

அந்த நேரம் வாடிக்கையாளர் ஒருவர் பெரிய துணி மூட்டையை வாசலில் இறக்கிவிட்டுப் போனார். கத்திரி யோசிக்காமல் போய் அதைத் தூக்கினாள். நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரும்பினால், தவளையின் அம்மா போனை அவள் பக்கம் தூக்கிப் பிடித்திருந்தார்.

"நட," என்றார். "கேமராவப் பாக்காத."

கத்திரிக்கு முகம் எரிந்தது. வாசலிலிருந்து மேசை வரை பத்தடிகூட இருக்காது. கால் பின்னியது, கை எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை, மூச்சைப் பிடித்துக்கொண்டாள். தாடை தானாகவே மேலே தூக்கிக்கொண்டது. போனுக்குப் பின்னால் என்ன சொல்லப்போகிறார் என்று காதைத் தீட்டிக்கொண்டே நடந்தாள். என்ன சொன்னாலும் தகும்.

அம்மா உதட்டை இறுக மூடிக்கொண்டிருந்தார். மேசைக்கு வந்து மூட்டையை இறக்கும்வரை இயந்திரங்களின் சத்தத்தைத் தவிர வேறு எதுவும் கேட்கவில்லை.